நீலகிரியில் மேலாகக் கிடக்கும் தங்கம்: ஊட்டி முதல் பந்தலூர் வரை

செப்டம்பர் 12, வெள்ளி. ஊட்டி

தொட்டபெட்டாவில் இன்று பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேலே ஏறி வந்த குடும்பங்கள் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு, மூட்டத்துக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்கின. கதிர் ஒன்று 50 ரூபாய். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தாராளம், சோளம் மட்டும் முற்றல்.

பாறை பார்க்க வந்தவருக்கு மூட்டம் ஒரு தடையே இல்லை. 2637 மீட்டர் உச்சி வரை போக வேண்டியதுகூட இல்லை. சாலைக்காக வெட்டிய மண்சுவர்களே போதும். சிவந்த மண்ணுக்குள் தலையளவு, பானையளவு உருண்டைக் கற்கள் பதிந்து நிற்கின்றன. வெளிப்பட்டை துருநிறம், நிமிண்டினால் பொடிந்து நகத்தில் ஒட்டுகிறது. அடுத்தது மஞ்சள் கலந்த பழுப்பு. வெங்காயத் தோல் மாதிரி நாலைந்து பட்டை உரிந்தபின் உள்ளே எண்ணெய் தடவினாற்போல மினுக்கும், நீலம் ஓடிய சாம்பல் நிறக் கல். சார்னோகைட். நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கல் இப்போதுள்ள உருவத்துக்கு வந்து ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அது இருந்த இடம் உச்சியோ மலையோ இல்லை, பூமியின் அடி. இதில் உள்ள கார்னெட், பைராக்சீன், ஃபெல்ட்ஸ்பார் கனிமங்கள் இரும்பையும் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் தங்களுக்குள் எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டன என்று அளந்தால், அவை உருவான அழுத்தம் தெரிந்துவிடும். நீலகிரிக்கு அது சுமார் 7 முதல் 9 கிலோபார் (ஒரு கிலோபார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு). ஒரு கிலோபாருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 25 முதல் 30 கி.மீ. ஆழம். சோளக்கடை நிற்கும் இடத்துக்கு மேல் ஒரு காலத்தில் அத்தனை கனத்துக்குப் பாறை இருந்திருக்கிறது. இன்று அதில் ஒரு கல்லும் இல்லை.

நீலகிரியில் தங்கம் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இது. தரைக்கு அருகில், முதல் ஒரு கிலோமீட்டருக்குள் உருவான தங்கம் ஏதாவது இந்த மலைக்கு மேல் இருந்திருந்தால், முதலில் கழுவிப் போனது அதுதான்.

சாயங்காலம் சந்தைப் பக்கம் வர்க்கியும் டீயும். சூடான வர்க்கி என்று பலகை வைத்திருந்தார்கள், ஆறித்தான் இருந்தது. கடைக்காரர் அதைத் தானே சொல்லி, வேறு தட்டு வரும்வரை உட்காரச் சொன்னார். பெரிய மனசு.

செப்டம்பர் 13, சனி. நடுவட்டம், கூடலூர்

பைக்காரா தாண்டியதும் சாரல் மழையானது. நடுவட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில் சாலைக்குக் குறுக்கே சில்வர் ஓக் சாய்ந்து கிடந்தது. பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் கொடுவாளோடு இறங்கிக் கிளைகளைக் கழித்தார்கள். கண்டக்டர் கல் எடுத்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பின்சீட்டு அம்மா ஒருவர் வேகவைத்த கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்து, “எடுத்துக்கங்க தம்பி, ஆறிப்போனா நல்லாருக்காது” என்று சுற்றி நீட்டினார்.

நின்ற நேரத்தில் எதிரே பார்க்கக் கிடைத்தது மலையின் விளிம்பு. உச்சிச் சமவெளி மெத்தென்று இருக்கிறது. விளிம்பு மட்டும் செங்குத்தாக இறங்குகிறது. அரிப்பு வேகமாக நடப்பது இந்த விளிம்பில். மழை மட்டும் இருந்தால் மலை கரையாது, சரிவும் வேண்டும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. கொட்டியபோது சரிந்ததெல்லாம் சரிவுகள்தான். சமதளத்தில் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையை மக்கவைக்கும், சுமந்துகொண்டு போகாது. மேலே சிவப்பு மண்ணும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அத்தனை கனத்துக்கு நிற்பதற்குக் காரணம் அதுவே.

மேலாக உருவாகும் தங்கம் எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிடலாம். எரிமலைப் பக்கங்களில், தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குள், 150 முதல் 300 டிகிரி வெந்நீர் விரிசல் வழியாக ஏறி வரும். தங்கம் அதில் கந்தகத்தோடு கைகோத்துக் கரைந்திருக்கும். மேலே வரவர அழுத்தம் குறைந்து தண்ணீர் கொதிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆவியோடு பிரிந்து போகும். துணையை இழந்த தங்கம் அங்கேயே படிந்துவிடும். நியூசிலாந்தில் வையோடாபு வெந்நீர்க் குளத்தின் ஓரத்து ஆரஞ்சு நிறப் படிவில் தங்கமும் வெள்ளியும் சேருகின்றன.

உருவாக நேரமே வேண்டாம். பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் 1,300 டன் அளவுக்குத் தங்கம் இருக்கிறது. அங்கே ஆழத்து வெந்நீரில் எவ்வளவு தங்கம் ஓடுகிறது என்று 2006-ல் அளந்து கணக்குப் போட்டவர்கள், அத்தனையும் சேர 55,000 ஆண்டுகள் போதும் என்றார்கள். கஷ்டமெல்லாம் அதைக் காப்பாற்றுவதில். உயர்ந்துகொண்டே இருக்கும் மலையில் அரிப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டர் கனம் 10 லட்சம் ஆண்டில் காலி. ஜப்பானின் ஹிஷிகாரி சுரங்கத் தங்கத்தின் வயதே ஏறக்குறைய அவ்வளவுதான். மெதுவான இடத்தில், 10 லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் என்று வைத்தாலும், 10 கோடி ஆண்டில் அதே ஒரு கிலோமீட்டர் போய்விடும். உலகத்தில் இந்த வகைச் சுரங்கங்களில் பெரும்பாலானவை டைனோசர்களுக்குப் பிந்திய பாறைகளில் இருப்பது இதனால்தான். பழைய காலத்திலும் எரிமலை இருந்தது, வெந்நீர் இருந்தது, தங்கமும் படிந்தது. நிற்கவில்லை.

கூடலூரில் இறங்கும்போது மணி மூன்று. மட்டையரிசிச் சாப்பாடு, மத்தி மீன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், 110 ரூபாய். கடையில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். பரிமாறுகிறவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறார். குழம்பு இரண்டாம் தடவை கேட்டால் முகம் மாறாத கடை.

செப்டம்பர் 14, ஞாயிறு. தேவாலா

தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. குடை உதவாது, பக்கவாட்டில் அடிக்கிறது. காலில் அட்டை ஏறும். மூக்குப்பொடியும் உப்பும் கலந்து சாக்ஸில் தேய்த்துக்கொள்வது இங்கே வழக்கம். பிய்த்து எடுத்தால் ரத்தம் நிற்க நேரமாகும், உப்பு வைத்தால் தானே விழும்.

இங்கே சாலைச் சுவர்களில் பாறை மாறிவிடுகிறது. சார்னோகைட்டின் இடத்தில் நைஸ் என்ற வரிவரியான பாறை. அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பட்டைகள், விரல் கனத்திலிருந்து ஆள் அகலம் வரை. மேலாக இருப்பவை வெள்ளை வெளேரென்று இருக்காது. துருக்கறை படிந்து, அங்கங்கே சின்னச் சின்னச் சதுரப் பொந்துகள் விழுந்திருக்கும். அந்தப் பொந்துகளில் ஒரு காலத்தில் பைரைட் கட்டிகள் இருந்தன, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மழைநீரும் காற்றும் பட்டு பைரைட் துருவாகிக் கரைந்துவிட, அதற்குள் அகப்பட்டிருந்த தங்கத் துணுக்குகள் விடுதலையாகிப் பொந்திலேயே நிற்கும். கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்துத் தங்கக் கதை முழுவதும் இந்தப் பொந்துகளைப் பற்றியதுதான்.

இந்தத் தங்கம் பிறந்தது மேலே இல்லை. பூமியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் பாறைத் தொகுதிகள் உரசி நகர்ந்த வெடிப்புகளில், வெந்நீர் விட்டுச் சென்ற வகை. கோலார் தங்கமும் அந்த வகைதான். அங்கே 3 கி.மீ.க்கும் கீழே வரை தோண்டி, 2001-ல் மூடினார்கள். ஆழத்தில் பிறந்த தங்கத்துக்கு ஆயுள் கெட்டி: மேலே பத்து கிலோமீட்டர் அரித்தாலும் அதன் வேர் மிஞ்சும். தேவாலாவில் மண்வெட்டிக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதைப் பார்த்து, இது மேலோட்டமாக உருவானது என்று நினைத்துவிடக் கூடாது. மேலே இருந்ததெல்லாம் போனபிறகு வெளியே தலைகாட்டும் அடிப்பகுதி இது.

அந்த வித்தியாசம் தெரியாமல் போனதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் 1880-ல் இப்பகுதி பற்றி நம்பிக்கையான அறிக்கை கொடுத்தார். அதையொட்டி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காப்பி நொடித்துப் போயிருந்த தோட்டங்கள் தங்கத் தோட்டங்களாகக் கைமாறின. இடிப்பு யந்திரங்கள் வண்டியில் ஏறி வந்தன. இரண்டு மூன்று ஆண்டில் எல்லாம் படுத்துவிட்டது. பங்குச்சந்தை மோசடி ஒரு காரணம், சராசரித் தரம் குறைவு என்பது பெரிய காரணம். தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மேலே பொந்துக்கல்லை இடித்து, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் தண்ணீரோடு ஓடவிட்டால் விடுதலையான தங்கம் ஒட்டிக்கொள்ளும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் பைரைட் புத்தம்புதிதாக இருக்கும். தங்கம் அதற்குள் பூட்டிக்கிடக்கும். பாதரசத்தால் தொட முடியாது, கழிவுச் சேற்றோடு ஆற்றுக்குப் போகும். அப்படிப்பட்ட கல்லில் பெரும்பகுதியை மீட்டுத் தந்த சயனைடு முறைக்கு ஸ்காட்லாந்தில் காப்புரிமை வாங்கியது 1887-ல். அதற்குள் இங்கே கடையைக் கட்டியாயிற்று.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கமெல்லாம் நிறைய. கல்லைப் பார்க்க வந்தோம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “குழிப் பக்கமா?” இல்லை என்றதும்தான் முகம் தெளிந்தது. “போகாதீங்க தம்பி. மழையில மண்ணு சத்தமில்லாம உட்காரும். மேல நிக்கிறவனுக்குக் கூடத் தெரியாது.”

அவர் சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கலாம். பழைய சுரங்கக் குகைகளில் மண் சரிவது ஒரு ஆபத்து, காற்று இன்னொன்று. பைரைட் துருவேறும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். காற்றோட்டமில்லாத குகையில் வாசனை எதுவும் இருக்காது, ஆள் மட்டும் விழுந்துவிடுவார். தூக்கப் போனவரும் விழுவார். திருட்டுத்தனமாகத் தோண்டி இங்கே உயிர் போனவர்கள் உண்டு. இடித்த கல்லைப் பாதரசத்தில் கலக்கி அடுப்பில் காய்ச்சுகிறவர்களுக்கு மரணம் மெதுவாக வரும்: ஆவி நுரையீரல் வழியே நரம்புக்குப் போகும், மிச்சம் ஓடையில் மீனுக்குப் போகும்.

டீ 12 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய். பெரியவர் எங்கள் டீக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள். பந்தலூர்

காலையில் பஸ் அரை மணி தாமதம். தேயிலைக்குள் ஆனை நிற்கிறது என்றார்கள். டிரைவர் விளக்கை அணைத்து, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது பழகிய விஷயம், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கேமராவின் லென்ஸுக்குள் ஈரம் புகுந்து இன்று முழுக்க மங்கல் படம்தான். அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்கிறார் லாட்ஜ்காரர்.

மழை விட்டபின் சாலையோரச் சாக்கடை வளைவுகளைப் பார்ப்பது நல்ல பாடம். வளைவின் உட்பக்கத்தில், தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில், கறுப்பு மணல் மெல்லிய வாலாக ஒதுங்கியிருக்கும். காந்தத்தை பாலிதீன் உறையில் சுற்றி அதன்மேல் காட்டினால் மயிர்க்கூச்செறிந்தாற்போல எழுந்து ஒட்டுவது மாக்னடைட் என்ற இரும்புத் தாது. உறையைக் கழற்றினால் தானே விழும். உறை இல்லாமல் காட்டினால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே ஒரு நாள் ஆகும். ஒட்டாமல் கிடக்கும் இளஞ்சிவப்பு மணிகள் கார்னெட். மஞ்சளாக மினுக்கி மிதப்பது காக்காப்பொன், அதாவது மக்கிய அப்பிரகம். திருப்பினால் மினுக்கும், நிழலில் செத்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள். ஊசியால் குத்தினால் தங்கம் நசுங்கும், அப்பிரகம் ஏடாகப் பிரியும், பைரைட் உடையும். பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் இழுத்தால் பைரைட் கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சள் கோடு.

எல்லாம் எடைக் கணக்கு. வெங்கச்சங்கல் தண்ணீரைவிட 2.65 மடங்கு, மாக்னடைட் 5.2, சுத்தத் தங்கம் 19.3. மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றுப் படுகையில் மரத்தட்டில் பொன் அரிக்கிறவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான். தட்டில் முக்கால் பங்கு மணல், தண்ணீருக்குள் வைத்துக் களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரைப்பது முதல் வேலை. கட்டியைக் கரைக்காமல் விட்டால், அதோடு ஒட்டிய நுண்பொன் கழிவோடு போய்விடும். பிறகு பக்கவாட்டில் உலுக்கினால் கனமானது அடிக்கு இறங்கும். முன்பக்கம் சாய்த்து மேல்மணலை விடவேண்டும். கடைசியில் இரண்டு கரண்டிக் கறுப்பு மணல் மிஞ்சும்வரை திரும்பத் திரும்ப. தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய தகடு மூழ்காமல் மிதந்து ஓடும். புதுத் தட்டில் அரித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்பவர்கள் பாதிப் பேர் தட்டைச் சரியாகத் தேய்க்காதவர்கள்.

ஆற்றுத் தங்கமும் மேலாகக் கிடக்கும் தங்கம்தான். அடுத்த வெள்ளத்தில் நகரும், கடலுக்குப் போகும். அப்படிப்பட்ட மணல் 280 கோடி ஆண்டுக்கு மேல் நின்றது என்றால் நம்பமுடியாது. தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ரான்ட் என்ற இடத்தில் நின்றிருக்கிறது. கூழாங்கல்லும் தங்கமும் சேர்ந்த படுகைகள். முதலில் அடுத்தடுத்த மண் மூடியது, பிறகு 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பாய்ந்து மூடியது, அதற்கு மேல் இன்னும் படிவுகள். 202 கோடி ஆண்டுகளுக்கு முன் வ்ரெடஃபோர்டில் ஒரு விண்கல் விழுந்து, அந்தப் படுகையின் பெரும்பகுதியைச் சுற்றிலும் கீழே அமிழ்த்திவிட்டது. அமிழ்ந்ததால் அரிப்புக்கு எட்டவில்லை. ஓரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை 1886-ல் கண்டார்கள். மனிதர்கள் இதுவரை எடுத்த தங்கத்தில் ஏறக்குறைய கால் பங்கு அங்கிருந்து வந்தது. இன்று 4 கி.மீ. ஆழம்வரை இறங்குகிறார்கள், அத்தனையும் ஒரு காலத்தில் வெயில் பட்ட ஆற்று மணல்.

வெந்நீர்ப் படிவுக்கும் புதைவதே கதி. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் 40 கோடி ஆண்டுக்கு முந்திய வெந்நீர் ஊற்றின் வாய் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் முளைத்த செடிகளின் தண்டு செல்கள் உட்பட. தங்கத்தின் சுவடும் உண்டு. அங்கே நிலம் ஒரு பக்கம் வெடித்துப் பள்ளமாக இறங்க, ஊற்று நின்றவுடனேயே வண்டல் வந்து மூடியிருக்கிறது. ஊற்று இருந்தது மேட்டில் என்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பழைய மேல்தங்கம் தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது தங்கத்தை இல்லை. அந்த நிலம் இறங்கியதா, ஏறியதா, சீக்கிரம் மூடப்பட்டதா என்பதை. நீலகிரி அந்தக் கேள்வியில் முதல் வரியிலேயே தோற்கும்: ஏறிய நிலம், மூடாத நிலம், ஓயாத மழை.

ராத்திரி பொரோட்டாவும் மாட்டுக்கறியும், 140 ரூபாய். லாட்ஜில் வெந்நீர் உண்டு என்றார்கள். இருந்தது, சமையலறையிலிருந்து வாளியில்.

செப்டம்பர் 16, செவ்வாய். நாடுகாணி

வெயில்! கீழே நிலம்பூர்க் காடு கடைசிவரை தெரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு வீட்டுக்காகத் தோண்டிய செம்மண் சுவர். மேலே ஒரு முழத்துக்குக் கறுப்பு மண், அதன் கீழ் கெட்டியான செம்புறைக்கல், அதன் கீழ் புள்ளிபுள்ளியாக மக்கிய களி, அடியில் வரி மாறாத நைஸ். வெங்கச்சங்கல் பட்டை ஒன்று அடியிலிருந்து நேராக ஏறிக் களியில் துண்டுதுண்டாகி, செம்புறையில் பொடிக்கல்லாகச் சிதறி முடிகிறது. நீலகிரியில் தங்கத்துக்கு ஏதாவது பாதுகாப்பு இருக்கிறதென்றால் இந்த மாதிரிச் சுவர்தான். மழை சிலிக்காவையும் சுண்ணத்தையும் கரைத்துக் கொண்டுபோக, கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். தங்கமும் மிஞ்சும். பல மீட்டர் பாறையில் பரவி இருந்தது ஒரு மீட்டருக்குள் ஒதுங்கும். மக்கிய இலையின் அமிலத்தில் கொஞ்சம் கரைந்து, இரும்புத் துருவோடு மீண்டும் படியும். வெள்ளி கரைந்து போய்விடுவதால் அப்படிப் படிந்த மணி பாறைத் தங்கத்தைவிடச் சுத்தமாக இருக்கும். மேல் செம்புறை வெயில்பட்டு இறுகினால் ஓடு மாதிரி தாங்கும். ஓட்டை உடைத்தால், உதாரணமாகச் சாலைக்கு வெட்டினால், கீழே உள்ள களி இரண்டு மழையில் ஓடைக்குப் போய்விடும்.

வீட்டுக்காரர் வெளியே வந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், “இருந்தா எடுத்துக்கங்க, சுவரை மட்டும் சரிச்சிராதீங்க சார்” என்று சிரித்துவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். தடுப்புச் சுவர் கட்டும்வரை தார்ப்பாய் போட்டு மூடவேண்டும், மேல் விளிம்பில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கத்தில் திருப்பவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம். அக்டோபர் மழைக்கு முன் முடித்தால் நல்லது. தார்ப்பாய் கூடலூரில் கிடைக்கும், சந்தைக்கடையில் விலை குறைவு.